எல்லை கடத்திய பெட்டி

கிட்டங்கிக் கதவைத் திறந்தபோது ஏசுதாசனுக்கு ஏலக்காய் மணக்கவில்லை. மூன்று வருஷமாக அவன் அந்த மணத்துக்குள்தான் வேலை பார்க்கிறான். அது சட்டையில் ஏறி, தலைமுடியில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கை உறிஞ்சித் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவனோடு ஒட்டிக்கொண்டது. இப்போது நாற்பது பெட்டி ஏலக்காய் உத்தரம் வரைக்கும் அடுக்கிக் கிடக்கிறது. ஒரு துளி மணம் இல்லை. அதற்குப் பதிலாக ஈர மண்ணின் வாடை, குழி தோண்டி அப்போதுதான் வெளியே அள்ளிப்போட்ட மண்ணின் வாடை, இருட்டுக்குள்ளிருந்து மெதுவாக வந்து அவன் முகத்தில் படிந்தது. ஆடி மாசம். கரட்டுப்பட்டிப் பக்கம் மழை பெய்து மூன்று மாசம் ஆகிறது. மூக்கடைப்பாக இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே போனான்.

தேனியிலிருந்து வைகை அணைக்குப் போகிற வழியில், கரட்டுப்பட்டியை ஒட்டி, மலைத் தோட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து போட்ட விமானத் திடல் அது. ஒரு ஓடுதளம், சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கி, ரேடியோ வைத்த ஒரு ஓட்டுக்கட்டட ஆபீஸ், குமாஸ்தா குடியிருக்க ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு தரம் ஒரு சின்ன இரட்டை எஞ்சின் விமானம் வந்து போடி ஏலக்காயைப் பட்டணத்துக்கு ஏற்றிப் போகும். அங்கிருந்து பெரிய விமானத்தில் அரபு நாட்டுக்கு. ஏசுதாசன்தான் சரக்குக் குமாஸ்தா. ரேடியோவும் அவன் பொறுப்பு. அந்த எழுபதாம் வருஷம் காலரா நாடு நாடாகத் தாவிக்கொண்டிருந்தது. வாங்குகிற தேசத்துக்காரர்கள் இந்தியாவிலிருந்து ஒரு கடுகுகூட வரக்கூடாது என்றுவிட்டார்கள். விமானம் நின்றது. பதினெட்டு நாளாக ஓடுதளத்தில் ஆடு மேய்கிறது.

மண் வாடை கடைசி வரிசையிலிருந்து வந்தது. அங்கே சுவரோரம் ஒரு பெட்டி தனியாக நின்றது. மற்றவை மாதிரியே பலகைப் பெட்டிதான், ஆனால் எந்தத் தோட்டத்து முத்திரையும் இல்லை. பலகை இடுக்கில் வேப்பிலைக் கொத்து ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது. வாடியிருக்க வேண்டிய இலை, பறித்த நிமிஷம்போல் பச்சையாக இருந்தது. ஏசுதாசன் பெட்டியின் மேல் கையை வைத்தான். காய்ச்சல்காரன் நெற்றிமாதிரி சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கத்தினான்.

"ஒச்சாண்டி! ஏலே ஒச்சாண்டி! யாரு பொட்டிடா அது?"

ஒச்சாண்டி சுமைக்காரர்களுக்கெல்லாம் மூப்பன், கரட்டுப்பட்டிக்காரன். அந்த மாசத்தில் அண்ணனையும் அண்ணன் பெண்டாட்டியையும் அடுத்தடுத்து மண்ணில் போட்டவன். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவன் கிட்டங்கி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நம்மூருப் பொட்டிதேன், சார்."

"நம்மூர்ல ஏதுடா ஏலத்தோட்டம்?"

"ஏலம் இல்ல சார்." குரலைத் தாழ்த்தினான். "அவ."

நோயைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள்; அவள் என்பார்கள். சுருளிப்பட்டிப் பக்கம் எங்கேயோ கிளம்பியது அந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஓலைக்கொட்டான். சாவு விழுந்த வீட்டு வாசல் மண்ணில் வீட்டுக்கு ஒரு பிடி அள்ளி, மஞ்சள் துணி, கருவளையல், வேப்பிலையோடு ஓலைக்கொட்டானில் போட்டு, கொட்டடித்துக் கொண்டுபோய் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அடுத்த ஊர்க்காரன் சும்மா இருப்பானா? அவன் ஊர் மண்ணையும் அதில் போட்டு அதற்கடுத்த ஊருக்குக் கடத்துவான். அப்படிக் கம்பத்துப் பள்ளத்தாக்கு முழுக்க நடந்து கரட்டுப்பட்டிக்கு வந்து சேர்ந்தாள். இங்கிருந்து கடத்த வழியில்லை. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ராப்பகலாக எல்லையில் கம்போடு நின்றார்கள்.

"வேற என்ன செய்ய, சொல்லுங்க? பூமியிலதேன் அங்கன இங்கன கல்லு நட்டு வச்சிருக்கான். ஆகாசத்துக்கு ஏது எல்லை? பிளேன்ல ஏத்திவிட்டா கடலத் தாண்டிப் போயிருவா. அதேன் பலகையடிச்சு உள்ள வச்சோம்."

ஏசுதாசனுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "அடக் கூறுகெட்டவனே! பிளேனே வரல, இதுல இவரு ஆத்தாளுக்கு டிக்கெட்டு எடுக்கப் போறாராம். தூக்கி வெளிய எறி."

"நாந் தொடமாட்டேன் சார். அனுப்பணும்னு வச்சதத் திருப்பி எடுக்கக்கூடாது. அனுப்பிச்சவ திரும்பி வரவும் கூடாது. வந்தா, அனுப்பிச்ச கை எதுவோ அந்தக் கையத் தேடித்தேன் வருவா."

நானே எறிகிறேன் பார் என்று உறுமிவிட்டு ஏசுதாசன் ஆபீசுக்குப் போனான். மத்தியானம் எறியலாம் என்று இருந்தான். மத்தியானம் வந்ததும் சாயங்காலம் என்றான். சும்மா சொல்லக்கூடாது, பயம்தான். மறுபடி அந்தப் பலகையில் கை வைக்க அவனால் ஆகாது.

சாயங்காலம் மேற்கேயிருந்து காற்று இறங்கியது. ஆடிக் காற்று அங்கே சாதாரணக் காற்று இல்லை. ஓட்டைத் தூக்கிப் போடும், மணலை வாரிப் பல்லிடுக்கில் திணிக்கும், தகரக் கதவைப் பிடித்து உலுக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவில், கிட்டங்கிப் பக்கமிருந்து, இரைச்சலோடு சேராத ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பொத். ஏசுதாசன் பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி பொத். அது என்ன சத்தம் என்று அவனுக்குத் தெரியும். அப்பாவை அடக்கம் செய்த அன்று, பெட்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகு, முதல் பிடி மண்ணை அவன்தான் போட்டான். பலகைமேல் மண் விழுகிற சத்தம் அது. இப்போது மூடிய பெட்டிக்கு உள்ளேயிருந்து கேட்டது. இருட்டுகிற வரைக்கும் மூன்று தரம் கேட்டது.

காலையில் ஊருக்குள் மூன்று வீட்டில் அழுகை.

அடுத்த நாள் சாயங்காலம் இரண்டு. விடிந்ததும் இரண்டு பாடை. ஏசுதாசன் யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? வேதம் படித்த குடும்பம், தேனி பஜாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்த குடும்பம், ஓலைப்பெட்டிக்குப் பயந்தான் என்றால் ஊர் சிரிக்காதா? ஜெபம் பண்ணினான். ஜெபத்துக்கு நடுவிலும் காது கிட்டங்கிப் பக்கம்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பட்டணத்திலிருந்து தந்தி வந்தது. மறுநாள் விமானம் வரும். சலைன் பாட்டிலும் தடுப்பூசி மருந்தும் கொண்டுவரும். திரும்பும்போது தேங்கிய ஏலக்காயை எடுத்துப் போகும். ஒரே ஒரு நடைக்கு அனுமதி. தந்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, பட்டப்பகலில், காற்றே இல்லாத நேரத்தில், கிட்டங்கிக்குள் ஒரு பிடி மண் விழுந்தது. ஒன்றே ஒன்று.

வீட்டிலிருந்து அவன் மனைவி கிருபாவதி ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"ஏங்க, பாப்பா ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா. வெளிக்கும் போயிட்டா. வடிச்ச கஞ்சியாட்டம் போகுதுங்க."

சொர்ணலதாவுக்கு ஆறு வயது. ஒரே பிள்ளை. ஏசுதாசன் போய்ப் பார்த்தபோது அவளுடைய கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. கை விரல்கள் நெடுநேரம் தண்ணீரில் ஊறியவைபோல் சுருங்கியிருந்தன. உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்த டாக்டர் கையை விரித்தார். பாட்டில் தீர்ந்துபோச்சு, நாளைக்கு பிளேன் வந்தாத்தான் உண்டு என்றார். அன்று இராத்திரி அவனும் கிருபாவதியும் முகாமிலேயே பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு விமானம் இறங்கியது. ஓட்டிவந்தவர் கேப்டன் அய்யாத்துரை, போடிக்காரர், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். எப்போதும் கூட வருகிறவர் சீக்கில் விழுந்துவிட்டதால் தனியாக வந்திருந்தார். இறங்கியதும் ஏசுதாசன் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா தம்பி, பேயறைஞ்சவனாட்டம் நிக்கிற?"

"எம் பொண்ணுக்கு வந்துருச்சு சார்."

அய்யாத்துரை உடனே திரும்பினார். விமானத்துக்குள் ஏறி, சுமைக்காரர்களுக்குக் காத்திராமல், அவரே ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து நாலு பாட்டிலை எடுத்து அவன் மடியில் திணித்தார். "மொதப் பாட்டிலு ஒம் புள்ளைக்குத்தேன். ஓடு. ஏத்துறத நான் பாத்துக்கிறேன்."

ஓடினான். டாக்டர் ஊசியைக் குத்தினார், தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது, பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. ஒரு பாட்டில் முடிந்தது. டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதை மாட்டினார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் ஏசுதாசனை எழுப்பி நிறுத்தியது. திரும்பக் கிட்டங்கிக்கு ஓடிவந்தபோது நாற்பது பெட்டியும் ஏறியிருந்தன. கடைசிப் பெட்டியை மட்டும் சுவரோரமே விட்டிருந்தார்கள். ஒச்சாண்டி அதன் முன்னால் நின்றான்.

"சார், ஒங்க கையெழுத்து இல்லாம இது ஏறாது."

உண்மைதான். சங்கத்துச் சட்டம் அது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு, சீட்டில் அனுப்புகிறவர் பெயர், கையெழுத்து. நாற்பதுக்கும் தோட்டக்காரர் உண்டு. இதற்கு யார்? ஏசுதாசன் சீட்டை வாங்கினான். உள்ளே ஒரு பிடி மண் விழப்போகிறது, இப்போது விழப்போகிறது என்று உடம்பு முழுக்கக் காதாக நின்றான். பிறகு எழுதினான். அனுப்புகிறவர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டான். 'கர்த்தாவே, மன்னியும்' என்று வாய் முணுமுணுத்தது.

"அதென்னடா கடைசியில ஒண்ணு?" அய்யாத்துரை மேலிருந்து கேட்டார்.

"மாதிரிச் சரக்கு, சார்."

"சரி, ஏத்து."

விமானம் வடக்கே திரும்பி, கரட்டுக் குன்றைத் தாண்டி, சின்னதாகி, மறைந்தது. மறைந்த நிமிஷத்தில் கிட்டங்கிக்குள் ஏலக்காய் மணந்தது, காலியான கிட்டங்கி முழுக்க மணந்தது. ஏசுதாசன் வாசல்படியில் உட்கார்ந்து தேம்பி அழுதான். முகாமுக்குப் போனால் சொர்ணலதா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பசிக்குதும்மா என்றாள். கிருபாவதி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

ஆறரை மணி. இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. ரேடியோவை மூட ஆபீசுக்குப் போனவன் அது கரகரப்பதைக் கேட்டான்.

"கரட்டுப்பட்டி. கரட்டுப்பட்டி. ஏசுதாசா, இருக்கியா?"

"இருக்கேன் சார். எங்கன இருக்கீக?"

"அணைக்கிட்ட வந்துட்டேன்டா. பட்டணத்துல எறங்கவிட்டாக, கதவத் தொறக்கவிடல. காலரா ஜில்லாச் சரக்கு, அப்படியே திருப்பிக் கொண்டுபோன்னுட்டாக. சுத்தித் துப்பாக்கியோட ஆளு நிக்கிறாக. எண்ணெய் ஊத்தக்கூட ஒருத்தனும் கிட்ட வரல. மனுசனா அவனுக?"

ஏசுதாசன் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தான். "மதுரைக்குப் போயிருங்க சார்."

"மதுரைப் பக்கம் இடியும் மழையுமாக் கெடக்கு. அம்புட்டுத் தூரத்துக்கு எண்ணெயும் இல்ல. இருவது நிமிஷம் ஓடும். வெளக்க வையி, எறங்கிக்கிறேன்." கரகரப்பு கூடி அடங்கியது. "பின்னால என்னமோ கொட்டிக்கிட்டே வருதுடா. மண்ணு மாதிரி. கெளம்புனதுலேருந்து."

அவர் பேச்சுக்குப் பின்னால், கரகரப்புக்குப் பின்னால், அது கேட்டது. பொத். பொத். பொத்.

இருட்டில் இறங்க வேண்டி வந்தால் ஓடுதளத்தின் இரண்டு பக்கமும் அரிக்கேன் விளக்கு வைப்பார்கள். ஏசுதாசன் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சுமைக்காரர்கள் யாரும் இல்லை; கூப்பிட்டாலும் யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். முதல் விளக்கை நட்டு, குனிந்து, காற்றுக்கு உடம்பால் மறைத்துக் குச்சியைக் கிழித்தான். திரி பற்றியது. தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

வீட்டுப் பக்கமிருந்து கிருபாவதியின் அலறல்.

"ஏங்க! பாப்பா மறுபடியும் வாந்தி எடுக்குறாங்க! கை சில்லிட்டுப்போச்சுங்க! ஏங்க!"

எஞ்சின் சத்தம் நெருங்கியது. அலறல் கூடியது. ஏசுதாசன் விளக்கைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். மேலே பார்த்தான். அங்கே ஒரு மனுஷன். முதல் பாட்டிலை மடியில் திணித்த மனுஷன்.

ஊதி அணைத்தான்.

அலறல் நின்றது. இருட்டில் அப்படியே குந்தியிருந்தான். கொஞ்ச நேரத்தில் கிருபாவதி, "மூச்சு சீரா வருதுங்க, ஏசப்பா, மூச்சு வருதுங்க" என்று அழுவது கேட்டது. எழுந்து ஆபீசுக்குப் போனான்.

"ஏசுதாசா, ஒரு வெளக்குத் தெரிஞ்சுச்சு. அணைஞ்சுபோச்சே. காத்தா?"

"காத்துதேன் சார்."

"பொறுமையா வையி. புள்ளைக்கு எப்படி இருக்கு?"

"எந்திரிச்சு உக்காந்துட்டா சார்."

"நல்லது. வெளக்க வையி."

அதற்குப் பிறகு ஏசுதாசன் பேசவில்லை. மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தான். பத்து நிமிஷம். வெளக்க வையி. பதினைந்து. வெளக்க வையிடா. இருபது. எங்கேயோ மோதுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான்; அது வந்துவிட்டால் முடிந்துவிடும். வரவில்லை. முப்பது நிமிஷம். நாற்பது. எண்ணெய் தீர்ந்த விமானம் தலைக்குமேல் வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. வெளக்க வையி என்று அதே நிதானமான குரல் கேட்டது. கோபம் இல்லை. பதற்றம் இல்லை. ஏசுதாசன் பேட்டரி வயரைப் பிடுங்கினான். குரல் போயிற்று. எஞ்சின் சத்தம் போகவில்லை.

மறுநாள் ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். அணைத் தண்ணீரில் படகு விட்டுத் துழாவினார்கள். வருசநாட்டுக் காட்டுக்குள் ஆள் அனுப்பினார்கள். ஒரு தகரத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. விமானம் இங்கே வரவே இல்லை என்று ஏசுதாசன் எழுதிக் கொடுத்தான். கரட்டுப்பட்டியில் அதற்குப் பிறகு சாவு இல்லை. ஒச்சாண்டி பொங்கல் வைத்துக் கொண்டுவந்து நீட்டினான்.

"தொலஞ்சா சார். ஒங்க புண்ணியம்."

"ஒனக்குச் சத்தம் கேக்கலையா ஒச்சாண்டி?"

"என்ன சத்தம்?" அவன் நிமிர்ந்து பார்த்தான். "காத்து சார்."

கிருபாவதிக்கும் கேட்கவில்லை. ஏசுதாசனுக்கு மட்டும் கேட்டது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, தலையணையால் காதைப் பொத்திக்கொள்ளும்போது. அணைப் பக்கம் போய்த் தேய்ந்து, திரும்பி வந்து, தலைக்குமேல் கடந்து, மறுபடி போகும். பிள்ளை பிழைத்தாள், பிள்ளை பிழைத்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் சோறு தின்றாள், ஓடி விளையாடினாள். அது போதும் என்று இருந்தான்.

விமானம் காணாமல்போன நான்காம் நாள் உச்சி வெயிலில் ஆபீசிலிருந்து வீட்டுக்கு நடந்தான். அன்றைக்கு வட்டம் சிறுத்திருந்தது. அணை வரைக்கும் போகாமல் சத்தம் கரட்டிலேயே திரும்பியது. அடுத்த தரம் கிட்டங்கியில் திரும்பியது. தரையில் ஒரு நிழல் அவனைக் கடந்து ஓடியது. இரண்டு சிறகு, ஒரு வால். நிமிர்ந்து பார்த்தான். வெறும் வானம். ஒரு மேகம் இல்லை, ஒரு பருந்து இல்லை.

நிழல் வீட்டைச் சுற்றியது.

ஓடினான்.

வாசலில் சொர்ணலதா நின்றிருந்தாள். கொளுத்துகிற வெயில். ஆடிக் காற்று முருங்கை மரத்தை முறித்துப்போடுகிற மாதிரி அடித்தது. அவள் இரண்டு கையாலும் தலைக்குமேல் ஒரு அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கண்ணாடி இல்லாத விளக்கு. அந்தக் காற்றில் சுடர் ஆடாமல் நேராக நின்று எரிந்தது.

"பாப்பா! கீழ போடும்மா! அணைச்சிரு!"

அவள் அவனைப் பார்க்கவில்லை. முகத்தை நிமிர்த்தி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மாமா எத்தன நாளா கேக்குறாக, நீங்க வைக்கவே இல்ல. அதேன் நான் வச்சிட்டேன்."

எஞ்சின் சத்தம் நின்றது. நிழல் கூரைமேல் ஏறி, வாசலில் இறங்கி, அவளை மூடியது. அந்த நிழலுக்குள் விளக்கு மட்டும் தெரிந்தது. பொத் என்று ஒரு பிடி மண் அவள் உச்சந்தலையில் விழுந்து முகத்தில் வழிந்தது. அவள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, விளக்கை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள்.